ஏரிக்கரை வீடும் சொந்தச் சமையலும்: மிச்சம் ஆகுமா? (லாக் டே, ஸ்காட்லாந்து)

கேள்வி: 2024 ஜூன் 17

ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஏரிக்கரையில் சமையலறையோடு ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே ஸ்கை தீவு, லாக் நெஸ், கிளென்கோ, எடின்பரோ எல்லாம் பார்த்துவிடலாம் என்று திட்டம். ஓட்டலைவிடப் பாதிச் செலவுதான் ஆகும் என்கிறார் நண்பர். போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

2024 ஜூன் 17, இரவு

முந்தாநாள்தான் திரும்பினோம். நாங்கள் இருவர், என் அப்பா, அம்மா. லாக் டே என்ற ஏரியின் கரையில், கில்லின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாரம். பாதிச் செலவிலெல்லாம் முடியாது. அத்தனையும் பார்க்கவும் முடியாது. ஆனாலும் போங்கள். தூக்கம் வருகிறது, மீதி நாளைக்கு.

2024 ஜூன் 18

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். கில்லினிலிருந்து ஸ்கைக்குப் போக மட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல். லாக் நெஸ்ஸுக்குக் கிட்டத்தட்ட மூன்று. வரைபடத்தில் விரல் அகலம்தான் தெரியும், ஆனால் நடுவில் மலை, ஏரி, ஆட்டு மந்தை, முன்னால் நகரும் கேரவன். திரும்பி வந்து சமைக்கவும் வேண்டும். நாங்களும் ஒரு பட்டியலோடுதான் போனோம். திங்கட்கிழமை கிளென்கோ போய்விட்டு வந்து எட்டரைக்கு அம்மா ரசம் வைக்க நின்றபோது அந்தத் தாளை மடித்து விறகடுப்பில் போட்டேன்.

அடுத்து செலவு. வாடகை சனியிலிருந்து சனிவரை ஏழு நாளுக்கும் மொத்தமாக. அதில் ஓட்டலைவிட மிச்சம்தான், நாலு பேருக்கு இரண்டு அறை எடுப்பதோடு ஒப்பிட்டால். ஆனால் அந்த மிச்சம் முழுவதையும் பெட்ரோல் குடித்துவிட்டது. லண்டனிலிருந்து போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். ஆக, கணக்கில் சமம்.

சமையலறை வேண்டும் என்பதற்குக் காரணம் காசு இல்லை. அம்மா சைவம். சுற்று வட்டாரத்தில் சாப்பிடப் போனால் சைவத்துக்கு மக்ரோனி சீஸ், அதோடு சிப்ஸ். அடுத்த ஊருக்குப் போனால் சிப்ஸ், அதோடு மக்ரோனி சீஸ். இரண்டாம் நாளே "எனக்கு மோர் சாதம் போதும்டா" என்று சொல்லிவிட்டார்.

2024 ஜூன் 18, பிற்பகல்

மறந்துவிட்டேன். குக்கர்!

ஊரிலிருந்து வந்த அலுமினிய பிரஷர் குக்கரைப் பத்திரமாகத் துணி சுற்றிக் கொண்டுபோனோம். அங்கே இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியத்தை அது கண்டுகொள்ளாது. பாத்திரம் வைக்கவில்லை என்று விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. "இவ்வளவு பெரிய குக்கர் அதுக்குத் தெரியலையா?" என்று அம்மா அடுப்பைத்தான் திட்டினார். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் ஆகும். வீட்டைப் பதிவு செய்யும்போதே என்ன அடுப்பு என்று கேட்டுவிடுங்கள். விளம்பரத்தில் "முழு வசதியுள்ள சமையலறை" என்றிருந்தால் நாலு ஒயின் திறப்பான் இருக்கிறது, ஒரு நல்ல கரண்டி இல்லை என்று பொருள்.

கடுகு தாளித்தால் அலாரம் அடிக்கும். சமையலறை அலாரம் மட்டும் இல்லை, வீட்டில் உள்ள அத்தனையும் சேர்ந்து அடிக்கும். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீட்டிலும் இவை ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அப்பா மாடியிலிருந்து சட்டையில்லாமல் ஓடி வந்தார்.

2024 ஜூன் 19

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அடித்தது சமையலறை அலாரம் இல்லையாம், மனைவி சொல்கிறாள். சமையலறையில் இருப்பது சூட்டை மட்டும் பார்ப்பது, புகைக்கு அது அசையாது. நான் கதவைத் திறந்து வைத்திருந்ததால் புகை கூடத்துக்குப் போய் அங்கே இருந்த புகை அலாரத்தை எழுப்பியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, சன்னலைத் திறந்துகொண்டு தாளியுங்கள். சன்னல் திறந்தால் மிட்ஜ் என்ற கடிப்பூச்சி வரும். அது தனிக்கதை, பிறகு.

2024 ஜூன் 20

ஏரி என்று நான் எழுதுவதற்கு எங்கள் வீட்டிலேயே எதிர்ப்பு.

அப்பா பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் இருந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். முதல் நாள் மாலை கரைக்குப் போய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கேட்டார்: "கரை எங்கடா? மதகு எங்க?" கரையும் மதகும் இல்லை, பனியாறு குடைந்த பள்ளத்தில் தானாக நின்ற தண்ணீர் என்றேன். "அப்ப இது ஏரி இல்ல. ஏரின்னா யாராவது கட்டியிருக்கணும்" என்றார்.

யோசித்தால் சரிதான். நம் ஊரில் ஏரி என்றால் கரை போட்டு, மதகு வைத்து, மிஞ்சிய தண்ணீர் வழியக் கலிங்கு விட்டு, கீழே ஆயக்கட்டு, அதாவது பாசன வயல், இருக்கிற ஒன்று. இது 23 கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் சொச்சம் அகலம், ஆழம் 150 மீட்டருக்கு மேல். மேட்டூரில் முழு மட்டம் 120 அடி, இங்கே 500 அடி என்று அடியில் மாற்றிச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர்களுமே இதை லேக் என்று சொல்வதில்லை. லாக். கடைசி எழுத்து 'க்' இல்லை, தொண்டையிலிருந்து உரசி வருவது. ஆங்கிலேயர்களுக்கு வராத அந்த ஒலிக்கு நம்மிடம் கிட்டத்தட்ட எழுத்தே இருக்கிறது: ஆய்தம். லாஃ! கடைக்காரப் பெண்மணியிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், மெச்சிக்கொண்டார். ஸ்காட்லாந்து முழுவதிலும் லேக் என்று பெயருள்ளது ஒன்றே ஒன்று, லேக் ஆஃப் மென்டீத்.

2024 ஜூன் 20, பின்னிரவு

ஒன்றே ஒன்று இல்லை. பிரஸ்மென்னன் லேக் என்று இன்னொன்று இருக்கிறது, ஆனால் செயற்கை. ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் "இயற்கையான" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்வது இதனால்தான். அப்பாவின் இலக்கணப்படி பார்த்தால் அந்தச் செயற்கைதான் ஏரி, மீதியெல்லாம் குட்டை.

2024 ஜூன் 22

பருப்புப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு எப்படி வேகும் என்று அம்மாவுக்குக் கவலை. லண்டனில் திறந்த பாத்திரத்தில் வைத்தால் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் விதை விதையாக நிற்கும். அங்கே ஒரு எவர்சில்வர் சட்டியில் போட்டு, மூடி, ஒரு நடை போய்விட்டு வந்தோம். மசிந்திருந்தது. அடுப்பு நல்ல அடுப்பு என்று அம்மா உடனே கட்சி மாறிவிட்டார்.

காரணம் தண்ணீர். லண்டன் தண்ணீர் கடினம், சுண்ணாம்பு மிகுந்தது. அந்தக் கால்சியம் பருப்பை மசிய விடாது. அங்கே மழை கெட்டியான பாறையிலும், பீட் என்ற மக்கிய செடிகொடி மண்ணிலும் இறங்கி வருவது, மென்மையான தண்ணீர். சோப்பு கொஞ்சம் தொட்டாலே நுரை பொங்குகிறது. டீயின் மேல் அந்த ஆடை படிவதில்லை. டிகாக்‌ஷனுக்குக்கூட வேறு வாசம். ஒரு வாரம் நாலு பேரும் சமையலைப் பற்றியேதான் பேசினோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் ஊர்க் குழாய் இல்லை, பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடை. குளிக்கும் தொட்டியை நிரப்பினால் நீர்த்த டீ மாதிரி இருக்கும். பீட் கரைந்த நிறம் அது. வடிகட்டி, புற ஊதா விளக்குக்கு அடியில் ஓடவிட்டுத்தான் குழாய்க்கு வருகிறது. மின்சாரம் நின்றால் விளக்கும் நிற்கும், அப்போது கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று தொட்டிக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தது. எங்களுக்கு ஒரு முறை நின்றது. அம்மா எப்படியும் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிப்பார் என்பதால் ஒன்றும் மாறவில்லை.

2024 ஜூன் 23

பருப்பு முந்தின இரவே ஊறியிருந்ததாம். அதை நான் சொல்லவில்லை என்று அம்மா பக்கத்து அறையிலிருந்து திருத்துகிறார். சரி, பாதிப் புகழ் தண்ணீருக்கு, பாதி அம்மாவுக்கு.

2024 ஜூன் 25

மிட்ஜ். ஆகஸ்டில் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கொசுவில் நாலில் ஒரு பங்கு இருக்கும். தனியாக வராது, மேகமாக வரும். கடிப்பது பெண் மட்டும் என்ற தகவல் நெற்றியில் முப்பது தடிப்போடு நிற்கிறவனுக்கு ஆறுதல் தருவதில்லை. காற்று வீசினால் பறக்க முடியாது, நல்ல வெயிலும் பிடிக்காது. காற்றில்லாத, மேகம் மூடிய விடியலும் மாலையும்தான் அதற்கு வேளை. அதாவது ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் நின்று படம் எடு என்று கூப்பிடுகிற நேரம் முழுவதும். விளம்பரப் படங்களை எடுத்தவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. ஸ்மிட்ஜ் என்ற மருந்தை உள்ளூர்க்காரர்களே பூசிக்கொள்கிறார்கள். தலைக்கு வலை விற்கிறார்கள், அம்மா அதைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு கரையில் நின்ற படம் எங்கள் குடும்பப் பொக்கிஷம்.

உண்ணியும் உண்டு. பெரணிச் செடிக்குள் நடந்துவிட்டு வந்தால் இரவு காலைச் சோதியுங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல் அதற்கான கொக்கியால் எடுக்க வேண்டும், பிறகு வட்டமாகச் சிவந்தால் டாக்டர்.

2024 ஜூன் 26

"ஏரி பார்த்த வீடா?" என்று கேட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் அப்படித்தான் இருந்தது. எந்த வீடு என்று பெயர் சொல்லப் போவதில்லை. குளியலறையில், கண்ணாடிக்கு வலப்பக்கச் சன்னலில், குதிகாலைத் தூக்கினால் ஏரி தெரிந்தது. நான் ஒரு வாரமும் பல் தேய்க்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மற்றபடி கரைக்கு மூன்று நிமிட நடை, குறை சொல்ல மாட்டேன்.

இதையும் பாருங்கள்: ஸ்காட்லாந்தில் இப்படி வீட்டை வாடகைக்கு விட இப்போது உரிமம் வேண்டும். ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 2023 அக்டோபர் 1 கெடுவாக இருந்தது. விளம்பரத்தில் உரிம எண் இருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

2024 ஜூன் 30

மழை நாள் பற்றி.

ஜூன் 12, புதன். காலையிலிருந்து கொட்டித் தீர்த்தது. விறகடுப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஜூன் மாதத்தில் கணப்பு என்று அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் சன்னலை விட்டு வரவில்லை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் சொன்னார்: "இன்னிக்கு மேட்டூர் திறக்கற நாள்."

எனக்கு மறந்தே போயிருந்தது. டெல்டாவில் வளர்ந்தவனுக்கு அது மறக்கக்கூடிய தேதி இல்லை. இந்த வருஷம் அணையில் தண்ணீர் போதவில்லை, ஜூன் 12 அன்று திறக்கவில்லை. அவர் இங்கே, மதகும் வாய்க்காலும் இல்லாமல் சும்மா நிற்கிற 500 அடித் தண்ணீருக்கு முன்னால். அதன் மேல் இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. "யாருக்கு இது?" என்று ஒரு தடவை கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதில்லை.

மறுநாள் மழை விட்டதும் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அதை உட்கார்ந்து எழுத வேண்டும்.

2024 ஜூலை 2

வியாழக்கிழமை. பார்க்க வேண்டிய ஒரே சுற்று இதுதான் என்பேன். மற்றதெல்லாம் போனால் போகட்டும்.

கில்லினில் டோகார்ட் அருவி ஊருக்கு நடுவில், பாலத்துக்கு அடியிலேயே பாறை பாறையாக இறங்குகிறது. நடுவில் ஒரு தீவு, மெக்நாப் குலத்தாரின் இடுகாடு. அங்கிருந்து ஏரியின் வடகரையில் கொஞ்ச தூரம், பிறகு இடப்பக்கம் மலைமேல் ஏறும் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் நம் பக்கம் இருந்தால் அதில் ஒதுங்கலாம். எதிர்ப்பக்கம் இருந்தால் அதன் நேரே நம் தடத்திலேயே நின்று வழி விட வேண்டும். அதில் நிறுத்திவிட்டுப் படம் எடுக்கக் கூடாது. வழி விட்டவருக்குக் கை தூக்க வேண்டும். அப்பா பின்சீட்டிலிருந்து எல்லாருக்கும் தூக்கினார், ஆடுகள் உட்பட.

வலப்பக்கம் பென் லாயர்ஸ், 1,214 மீட்டர். அடியில் சொன்னால் 4,000-க்குப் பதினாறோ பதினேழோ குறைவு. இது பொறுக்காமல் 1878-இல் சிலர் மேலே போய் 20 அடிக்குக் கல் அடுக்கி 4,000 தாண்ட வைத்திருக்கிறார்கள்! அளக்கிறவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, கற்குவியலும் இப்போது இல்லை. "நம்ம காண்ட்ராக்டருங்க மாதிரி" என்றார் அப்பா.

ஏறி உச்சிக்கு வந்ததும் சாலையோரத்தில் அணை. லாக்கன் நா லாரிகே. 1950-களில் நீர்மின்சாரத்துக்காகக் கட்டியது. முட்டுச் சுவர்கள் வரிசையாக நின்று தாங்கும் கான்கிரீட் அணை. வண்டி நிற்பதற்குள் அப்பா கதவைத் திறந்துவிட்டார். காற்றில் மப்ளர் பறக்க, அந்தச் சுவர்களை எண்ணிக்கொண்டே நடந்தார். தண்ணீர் சுரங்கத்தில் இறங்கி சுமார் 400 மீட்டர் கீழே ஏரிக்கரையில் இருக்கும் ஃபின்லாரிக் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு லாக் டேயில் கலக்கிறது என்று சொன்னேன். "அப்ப இதுதான் ஏரி. கீழ இருக்கறது வாய்க்கா" என்று முடிவு கட்டினார். ஆயக்கட்டு இல்லாவிட்டாலும் விளக்காவது எரிகிறதே என்று அவருக்கு ஒரு திருப்தி.

அப்புறம் கிளென் லயன் பள்ளத்தாக்கு வழியாக ஃபோர்டிங்கல். தேவாலய முற்றத்தில் ஒரு யூ மரம். குறைந்தது 2,000 வருஷம் என்கிறார்கள், 5,000 என்பவர்களும் உண்டு. 1769-இல் அளந்தபோது சுற்றளவு 52 அடி. நடுமரம் எப்போதோ உளுத்துப்போய் இப்போது நாலைந்து மரம் மாதிரித் தெரிகிறது. ஆண் மரம். 2015-இல் அதன் ஒரு கிளை மட்டும் பெண்ணாக மாறிப் பழம் விட்டதாம். அம்மா பிரதட்சணம் செய்யப் பார்த்தார், சுற்றிலும் மதில்.

2024 ஜூலை 3

கென்மோர் விட்டுப்போயிற்று. ஏரியின் கிழக்கு முனை. அங்கேதான் டே ஆறு புறப்படுகிறது, பிரிட்டனின் ஆறுகளிலேயே மிகுதியான தண்ணீர் கொண்டுபோவது. 1774-இல் கட்டிய பாலத்தின் மேல் நின்று அப்பா சொன்னது: "இது கலிங்கு." அவ்வளவுதான், ஏரிக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது.

பக்கத்தில் கிரானாக் மையம். ஏரித் தண்ணீருக்குள் மரக்கால் நட்டு அதன்மேல் கிரானாக் என்ற வட்ட வீடு கட்டி இரும்புக் காலத்து மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இந்த ஒரு ஏரியில் மட்டும் அப்படிப் பதினெட்டு இடம். மாதிரிக்குக் கட்டி வைத்திருந்த வீடு 2021 ஜூனில் ஓர் இரவு தீப்பிடித்துச் சில நிமிடங்களில் போய்விட்டது. இந்த வருஷம் ஏப்ரலில் வடகரையில் புது இடத்தில் திறந்திருக்கிறார்கள். ஏரிக்கடியில் தோண்டி எடுத்ததில் 2,500 வருஷத்துக்கு முந்தைய மரப் பாத்திரம் ஒன்று, அதில் இன்னும் வெண்ணெய் ஒட்டியிருந்ததாம். அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கழுவாமப் போட்டுட்டாங்க போல."

சொந்தச் சமையல் வீடு, ஏரி பார்த்தது. விளம்பரம் பொய் சொல்லாத வீடு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

2024 ஜூலை 9

கேட்டவர் இன்னும் ஸ்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் போலிருக்கிறது. ஸ்கை பார்க்க வேண்டுமென்றால் ஸ்கையில் வீடு எடுங்கள். எடின்பரோவை வழியில் பாருங்கள், ஆனால் ஆகஸ்டில் அங்கே விழாக்கள், அறை விலை எகிறும்.

இன்னொன்று, பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கோடையில் சீக்கிரம் இருட்டாது. ஜூனில் சூரியன் மறையப் பத்து மணி. ஆகஸ்டில் கொஞ்சம் முந்தும். அம்மா விளக்கேற்ற அந்தி வரட்டும் என்று காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் தஞ்சாவூர் நேரப்படி ஏற்றினார். அது அங்கே பிற்பகல் ஒன்றரை.

2024 ஜூலை 10

கணக்கை மறுபடி போட்டேன். ஜூன் 18-இல் சமம் என்று எழுதியதில் திங்கட்கிழமைக் கிளென்கோ பெட்ரோலும், பட்டியல்படி வாங்கி வைத்துப் போகாமல் விட்ட இரண்டு நுழைவுச் சீட்டும் சேர்ந்திருக்கின்றன. அவை என் புத்திக்கு அபராதம், வீட்டின் மேல் போடக் கூடாது. அவற்றைக் கழித்தால் கொஞ்சம் மிச்சம்தான். நண்பர் சொன்ன பாதி இல்லை. ஆனால் மிச்சம். பின்வாங்குகிறேன்.

2024 ஜூலை 29

அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. நேற்று காலை போன்.

"மேட்டூர் திறந்தாச்சுடா."

சந்தோஷம் என்றேன். கர்நாடகத்தில் மழை, அணைக்கு வரத்து, எத்தனை நாளில் கல்லணை வரும், எல்லாம் சொன்னார். வைக்கப் போகிறவர் நிறுத்தி, "அந்த மலைமேல பார்த்தோமே, அதுல இப்ப எவ்வளவு தண்ணி இருக்கும்?" என்று கேட்டார்.

கேள்வி கேட்டவருக்கு: கில்லினிலேயே வீடு கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாலையில் ஏறினால் அணையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தண்ணீர் மட்டம் சுவரில் தெரிகிற மாதிரி.